காலைத் தட்டில் கம்புக்கும் கீரைக்கும் இடம் கொடுங்கள்: சமூக நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவும் மதியச் சத்துணவும் உங்கள் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று எங்கள் கரிசல் காட்டுப் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு நாளாவது கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் முருங்கைக்கீரையும் காலைத் தட்டுக்கு வர வேண்டும். வீட்டில் காசு இல்லாத காலத்தில் எங்களை வளர்த்தது அந்தச் சாப்பாடுதான். அதைப் பக்குவமாகச் சமைக்கத் தெரிந்த பெண்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் போனால் இருக்க மாட்டார்கள்.

நான் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை, தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அம்மா வீட்டில் இருந்தபடியே பெட்டி ஒட்டுவார், விதைப்பு, களையெடுப்புக் காலத்தில் காட்டு வேலைக்கும் போவார். நாங்கள் நாலு பிள்ளைகள். பின்னாளில் நான் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, இதே வட்டாரத்தில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்தே காலத்தைக் கழித்தேன். எழுதப்போவதில் பாதி எங்கள் அடுப்படியில் பார்த்தது, மீதி வேலையில் பார்த்தது.

தீப்பெட்டி ஆபீசில் சனிக்கிழமை சம்பளம். எங்கள் வீட்டுச் சமையல் அந்தச் சனிக்கிழமையை ஒட்டித்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சாளை மீன் வரும், வேம்பார்ப் பக்கமிருந்து சைக்கிளில் கொண்டுவந்து விற்பார்கள். மீன் இல்லாவிட்டால் நெத்திலிக் கருவாடு. குழம்பை அம்மா வேண்டுமென்றே கூடுதலாக வைப்பார். மீன் துண்டு அன்றைக்கே தீர்ந்துவிடும், குழம்பு தீராது. திங்கட்கிழமை அதைச் சுண்ட வைத்தால் மண்சட்டியில் அடர்த்தியாக, புளிப்பும் உறைப்புமாக இறங்கும். அந்தச் சுண்டக்குழம்புக்கு ஈடு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

செவ்வாய், புதன் கீரை நாட்கள். முருங்கைக்கீரை வாசலிலேயே கிடைக்கும். மழை பெய்த மாதங்களில் காட்டிலிருந்து பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணைக்கீரை வரும். இவற்றை யாரும் விதைப்பதில்லை. பயிருக்கு நடுவில் தானாக முளைப்பவை. களையெடுக்கப் போன அம்மா மடியில் கட்டிக்கொண்டு வருவார். களை எடுத்ததற்குக் கூலியும் ஆயிற்று, வீட்டுக்குக் குழம்பும் ஆயிற்று. தொய்யக்கீரையைச் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுக் கடைந்தால் சோறு எவ்வளவு இருந்தாலும் போதாது. இன்றைக்குக் களைக்கொல்லி அடித்த காட்டில் இந்தக் கீரைகளைத் தேட வேண்டியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் அதலைக்காய் வரும். எங்கள் கரிசலை விட்டு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு. பாகற்காயை விடச் சின்னது, கசப்பு அதே மாதிரி. பறித்தால் சீக்கிரம் சமைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும். அதனால்தானோ என்னவோ வெளியூர்ச் சந்தைக்கு அவ்வளவாகப் போகாமல் எங்களுக்கே மிச்சமாயிற்று. வெங்காயத்தை நிறையப் போட்டு வதக்கி, வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவி அம்மா கொடுப்பார். கடலைக்காகக் காயைத் தின்போம்.

வியாழன், வெள்ளிதான் கடினமான நாட்கள். கையில் காசு இருக்காது, கடையில் கடன் ஏற்கெனவே இருக்கும். அம்மாவின் கைத்திறன் அந்த இரண்டு நாளில்தான் முழுதாகத் தெரியும். ஒரு கைப்பிடித் துவரம்பருப்பைச் சாம்பாராக வைத்தால் ஆறு பேருக்குக் காணாது. அதே கைப்பிடியை நாலு மிளகாய் வத்தலோடு சிவக்க வறுத்து, ஒரு சில்லுத் தேங்காயும் உப்பும் பூண்டும் வைத்து அம்மியில் அரைத்தால் ஆறு பேருக்கும் துவையல் ஆகும். கூட ஒரு புளி ரசம். முழுத் தேங்காய் வாங்கிப் பார்த்த நினைவே எனக்கு இல்லை, சில்லாகத்தான் கடையில் வாங்குவோம். எண்ணெயும் அப்படித்தான், சின்னச் சீசாவில் அன்றன்றைக்கு. பீர்க்கங்காய் வாங்கினால் காய் ஒரு வேளைக்கு, தோல் துவையலாக மறு வேளைக்கு. வாழைக்காய்த் தோலையும் விட மாட்டார். கீரையின் இலை கடைசலுக்கு, தண்டு புளிக்குழம்புக்கு. சீனியவரைக்காயும் மிதுக்கங்காயும் மலிவாகக் கிடைத்த நாளில் வாங்கி, மோரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தால் வத்தலாகப் பானையில் கிடக்கும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடிப்போம். மிஞ்சிய கஞ்சி பள்ளிச் சட்டைக்கு. அரிசி களைந்த தண்ணீர் பக்கத்து வீட்டு மாட்டுக்கு, அதற்குப் பதிலாக அந்த வீட்டு மோர் எங்களுக்கு.

இரண்டே முட்டை இருந்தால் அம்மா அவித்துத் தர மாட்டார். ஒரு சட்டி முருங்கைக்கீரையை வதக்கி, அதில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிவிடுவார். எல்லார் தட்டிலும் முட்டை இருக்கும். கீரை வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. முட்டை கீரையோடு ஒட்டிக்கொண்டு இருக்குமே!

அப்புறம் கம்பு. வெள்ளிக்கிழமை எப்படியும் கம்பங்கஞ்சிதான். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் இடித்து, உமியைப் புடைத்து, மறுபடி இடித்துக் குருணையையும் மாவையும் பிரிக்க வேண்டும். குருணையை உலையில் போட்டு முக்கால் வேக்காட்டில் மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டி இறக்குவார்கள். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். மறுநாள் காலையில் லேசான புளிப்போடு இருக்கும். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் மத்தியானம் வரை பசிக்காது. இந்த இடிக்கிற வேலை எவ்வளவு பெரியது என்பது அம்மாவின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் பொற்காலம் போல எழுத எனக்கு மனம் வராது. காரணத்தைச் சொல்கிறேன்.

அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அப்பாவுக்கு, பிறகு தம்பிகளுக்கு, பிறகு அக்காவுக்கும் எனக்கும். எல்லாரும் எழுந்த பிறகு குழம்புச் சட்டியில் மிச்சம் இருக்கிற சோற்றைப் போட்டு, ஒட்டியிருக்கிற குழம்போடு பிசைந்து சாப்பிடுவார். சோறு இல்லாவிட்டால் நீராகாரம். சட்டியில் பிசைந்த சோறு ருசி என்று எங்களுக்கும் ஒரு வாய் ஊட்டுவார், அதையும் வாங்கித் தின்றோம். கடைசித் தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. செவிலியர் படிப்பில் ரத்தசோகைப் பாடம் வந்தபோதுதான் அந்தச் சட்டிச் சோற்றின் கணக்கு எனக்குப் புரிந்தது. ஆறு பேருக்குப் போதாத சாப்பாட்டை ஆறு பேருக்கும் போதுமாக்கியது அம்மாவின் திறமை மட்டும் இல்லை, அம்மாவின் பங்கும் அதற்குள் போயிருக்கிறது. அக்காவின் பங்கும்தான். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கப் போனாள். அவள் கூலியும் சேர்ந்துதான் நான் படித்தேன்.

வேலையில் இருந்த காலம் முழுக்க இதே கதையை வீடு வீடாகப் பார்த்தேன். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமாவது இருக்க வேண்டும். எட்டும் ஒன்பதுமாக எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம், சிலர் சாப்பிடுவார்கள், சிலர் குமட்டுகிறது என்று வைத்துவிடுவார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. அரிசிக்குப் பஞ்சமில்லாத மாநிலத்தில் இந்த நிலை. 2011-லிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமலே வருகிறது. வயிறு நிறைகிறது, அது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீடுகளில் அரிசி வந்த வேகத்தில் கம்பும் குதிரைவாலியும் கீரையும் தட்டை விட்டுப் போய்விட்டன. தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்பு 1 மில்லிகிராம் கூட இல்லை. கம்பில் 6 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, புரதமும் அரிசியை விடக் கூடுதல். முருங்கைக்கீரை 100 கிராமில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். கம்பிலுள்ள இரும்பு முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடாது என்பதும் உண்மை. மாவைப் புளிக்க வைத்தால், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால், கூடுதலாகச் சேரும். அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. இருந்தும் உருண்டையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் புளிக்க வைத்துத்தான் எங்களுக்குக் கொடுத்தார்.

இதனால்தான் உங்களிடம் வருகிறேன். ‘பழைய சமையலுக்குத் திரும்புங்கள்’ என்று வீடுகளுக்குச் சொன்னால் அந்தப் பாரம் மறுபடியும் பெண்கள் தலையில்தான் இறங்கும். இடிப்பதும் புடைப்பதும் கடைசியில் சாப்பிடுவதும் அவர்கள்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் அப்படி இல்லை. அங்கே சமைக்கிறவருக்குச் சம்பளம் உண்டு, எல்லாப் பிள்ளைக்கும் அளவு ஒன்று, பெண் பிள்ளைக்குக் குறைத்துப் போட முடியாது. எங்கள் அம்மாக்களின் சமையல் அறிவை அவர்கள் பட்ட பட்டினி இல்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இந்த மண்ணுக்கும் பள்ளி உணவுக்கும் பழைய உறவு இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது எங்கள் எட்டயபுரத்தில். அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊர் மக்கள் தந்த தானியத்திலும் பணத்திலும் பல ஊர்களில் அது நடந்தது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அலுமினியத் தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அந்தச் சோறு இல்லாவிட்டால் நானும் அக்காவுக்குப் பக்கத்தில் கட்டை அடுக்கியிருப்பேன். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டதைப் பார்த்து அழுதுவிட்டேன். இந்தத் திட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. அது இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது.

இப்போதைய பட்டியல் உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்குப் 15 கிராம் பருப்பு என்று அளவு. அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தைச் சேர்க்கவும் திட்டத்தின் ஆணையிலேயே இடம் வைத்திருக்கிறீர்கள். நான் பார்த்த பள்ளிகளில் அது இன்னும் ரவையாகவும் சேமியாவாகவுமே இருக்கிறது. சமைக்கும் மகளிர் குழுப் பெண்களைக் கேட்டால், “எங்களுக்கு ஆகாதுன்னு இல்லக்கா, சரக்கு அப்படித்தான் வருது” என்கிறார்கள்.

ஆகவே சரக்கிலிருந்து தொடங்க வேண்டும். விடியற்காலையில் வந்து பள்ளி மணி அடிப்பதற்குள் சமைத்துப் பரிமாற வேண்டியவர்களிடம் கம்பை மூட்டையாகக் கொடுத்து இடிக்கச் சொல்வது அநியாயம். உமி நீக்கி உடைத்த கம்பு ரவையாகக் கொடுங்கள். அதில் பாசிப்பருப்பும் காயும் போட்டுக் கிச்சடி செய்ய ரவைக் கிச்சடியை விடக் கொஞ்ச நேரம்தான் கூடும். முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போட்டால் அதுவும் குறையும். குதிரைவாலியில் பொங்கல் அரிசிப் பொங்கல் மாதிரியே குழைந்து வரும், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. தோல் உளுந்து மாவும் உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களியை மாதத்தில் ஒரு நாளாவது செய்யலாம். எங்கள் பக்கம் பெண் பிள்ளை பெரியவளானால்தான், எலும்புக்கும் இடுப்புக்கும் பலம் என்று இதைக் கிண்டித் தருவார்கள். ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் எலும்பும் இடுப்பும் இருக்கிறதே! பயணச் செலவில்லாமல் கிடைக்கிற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கிறது. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, வெறும் நிலக்கடலையும் வெல்லமும்தான்.

கீரைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதைக் கிடங்கிலிருந்து லாரியில் அனுப்ப முடியாது. சமைக்கிறவர் அன்றன்றைக்கு ஊரிலேயே வாங்கிக்கொள்ள ஒரு சிறு தொகையை அவர் கையில் கொடுத்து, ரசீது இல்லை என்று தணிக்கையில் மடக்காமல் இருங்கள். தெருவில் கீரை விற்கிற பாட்டி எங்கே ரசீது போடுவார்? கூடவே ஒவ்வொரு பள்ளியிலும் நாலு முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டால் மறு வருடமே கீரை ஒடிக்கலாம்.

ஒரு தயக்கம் உங்களுக்கு வரும், பிள்ளைகள் சாப்பிடுவார்களா என்று. நியாயமான கேள்வி. நான் படிக்கிற காலத்தில் தூக்குவாளியில் கம்பஞ்சோறு கொண்டுபோனால் மூடியைப் பாதி திறந்து மறைத்துத்தான் சாப்பிடுவோம். நெல்லுச்சோறு கொண்டுவருகிற பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது. கறுத்த சோறு என்றால் ஏழை வீட்டுச் சோறு என்ற எண்ணம் எங்களுக்குள் அப்படி இறங்கியிருந்தது. கையில் கொஞ்சம் காசு வந்ததும் கம்பை முதலில் விட்டதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தட்டில், வாத்தியாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் அது பரிமாறப்பட்டால் வெட்கத்துக்கு வேலை இல்லை. தொடக்கத்தில் பாதி அரிசி, பாதி கம்பு ரவை என்று கலந்து, நாளாக நாளாகக் கூட்டுங்கள். தாளிப்பில் சின்ன வெங்காயத்தைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

விளைச்சல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த எங்கள் காடுகளில் இன்றைக்குப் பெரும்பகுதி மக்காச்சோளம். அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் கோழி முட்டையாகிச் சத்துணவுக் கூடத்துக்கு வருகிறது. முட்டை வேண்டும்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு பங்கு நிலமாவது பிள்ளைகள் நேராகச் சாப்பிடுகிற தானியத்தை விளைவிக்கட்டுமே. 2025-26-க்குக் கம்பின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,775 ரூபாய், சாதாரண நெல்லுக்கு 2,369. நெல்லில் நூறு கிலோவுக்கு 67 கிலோ அரிசிதான் தேறும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கம்பு ஒன்றும் விலை கூடிய தானியம் இல்லை. வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் விதைக்க ஆள் இருக்கிறது. பள்ளிகளுக்கு வேண்டிய அளவை விதைப்புக்கு முன்பே அறிவித்து, நெல்லுக்கு இருப்பது போன்ற கொள்முதல் நிலையம் ஒன்றைக் கோவில்பட்டியில் வைக்க உணவுத் துறையிடம் பேசுங்கள். மானாவாரிப் பயிர்களுக்காக 1901-இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையமும் அதே ஊரில்தான் இருக்கிறது. விதைக்கு வெளியூர் போக வேண்டாம்.

மாநிலம் முழுக்க ஒரே பட்டியல் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. தருமபுரிக்குக் கேழ்வரகு, கொங்குப் பக்கம் கொள்ளும் அரிசிம்பருப்புச் சோறும், கடற்கரை ஊர்களுக்கு அவர்கள் வீட்டுச் சமையல். அந்தந்த ஊரில் சிக்கனமாகச் சமைத்து நாலைந்து பிள்ளைகளை ஆளாக்கிய பெண்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்தக் கீரை எந்த மாதம், எதோடு எதைச் சேர்த்தால் பிள்ளை முகம் சுளிக்காது, ஒரு கைப்பிடிப் பருப்பை எப்படி நீட்டுவது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. யாரும் அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை. உங்கள் பயிற்சிக் கூட்டங்களில் மேடையில் உட்கார அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள், வந்து போவதற்குக் கூலியும் கொடுங்கள்.

முதலில் ஒரே ஓர் ஒன்றியத்தில் ஒரு பருவத்துக்குச் செய்து பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகளின் எடையையும் ஹீமோகுளோபினையும் எடுத்துத் தர என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் சம்பளம் வாங்காமல் வருவோம். சமையல் சொல்லித்தர எங்கள் தெருவிலேயே ஆறேழு பேர் தயாராக இருக்கிறார்கள், என் அம்மாவும் அக்காவும் அவர்களில் உண்டு. பயிற்சியை மட்டும் ஆடி மாதத்தில் வையுங்கள். புரட்டாசியில் விதைப்பு தொடங்கிவிட்டால் பாதிப் பேர் காட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்